எஞ்சின் ஆயில்: தேர்வும் மாற்றும் காலமும்

எஞ்சின் ஆயில் என்பது பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருளில் ஓடும் எஞ்சினுக்குள், ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும் மசகெண்ணெய் ஆகும். உயவு எண்ணெய் என்றும் இதனைக் கூறுவர். எந்த எண்ணெயை ஊற்றுவது, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பவை வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் எழும் இரு கேள்விகள். முதல் கேள்விக்கான பதில் வண்டியுடன் தரப்படும் கையேட்டில் முழுமையாக உள்ளது. இரண்டாவது கேள்விக்கான பதில் கையேட்டில் தொடங்குகிறது; ஆனால் வண்டி ஓடும் ஊரையும் ஓட்டும் முறையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நிறைவு பெறும்.

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1956 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை (இன்றைய என்.எல்.சி. இந்தியா) ஒட்டி வளர்ந்த ஊர் இது. கோடையில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் வெயில், திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வரும் மண்தூசி, நகரியத்துக்குள்ளேயே முடிந்துவிடும் சிறு பயணங்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுசேர்கின்றன. இம்மூன்றும் எண்ணெயை வெவ்வேறு வழிகளில் கெடுப்பவை.

எண்ணெயின் வேலைகள்

எஞ்சின் ஆயில் வழுவழுப்பு தருவதற்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது ஐந்து வேலைகளைச் செய்கிறது.

1. உராய்வைக் குறைத்தல்: கிராங்க் தண்டும் அதன் பேரிங்குகளும், பிஸ்டனும் சிலிண்டரும் நேரடியாக உரசாதபடி இடையில் படலமாக நிற்கிறது.
2. குளிர்வித்தல்: பிஸ்டனின் அடிப்புறம், பேரிங் போன்ற இடங்களிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றால் குளிர்விக்கப்படும் இரு சக்கர வண்டிகளில் இந்த வேலை மிக முக்கியம்.
3. துப்புரவு: எரிதலில் உண்டாகும் கரியையும் பிசினையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்கிறது.
4. அடைப்பு: பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பி, எரிவாயு கீழே கசியாமல் தடுக்கிறது.
5. துரு, அமில அரிப்பு ஆகியவற்றிலிருந்து உலோகத்தைக் காத்தல்.

மூன்றாவது, ஐந்தாவது வேலைகளைச் செய்பவை எண்ணெயில் கலக்கப்படும் சேர்மானங்கள். இவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகின்றன. எண்ணெயை மாற்ற வேண்டியிருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

எண்ணெய் எதனால் ஆனது

மாட்டுவண்டிகளின் அச்சுக்கு, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை இடுவது தமிழகத்துச் சிற்றூர்களில் வழக்கமாக இருந்தது. மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்திலும் ஆமணக்கு எண்ணெய்க்கு மதிப்பு இருந்தது. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களில் அது பயன்பட்டது. காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரே ஆமணக்கு எண்ணெயைக் குறிக்கும் காஸ்டர் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் தாவர எண்ணெய் நாள்பட்ட வெப்பத்தில் பிசினாகிவிடும். எனவே கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது.

இன்றைய எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மீதி சேர்மானங்கள். சென்னை மணலியில் 1969 இல் இயங்கத் தொடங்கிய சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை, எரிபொருள்களோடு இத்தகைய அடிப்படை எண்ணெயையும் தயாரிக்கிறது. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது கனிம எண்ணெய் எனப்படும். வேதிமுறையில் மூலக்கூறுகளைச் சீராக அமைத்துப் பெறுவது செயற்கை எண்ணெய் அல்லது சிந்தெடிக் எனப்படும். இரண்டும் கலந்தது செமி சிந்தெடிக். செயற்கை எண்ணெய் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். கையேடு கனிம எண்ணெய் போதும் என்றால் அதுவே போதும்; செயற்கை எண்ணெய் கேட்கும் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும்.

டப்பாவின் மேல் உள்ள குறியீடுகள்

எண்ணெய் டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனத்தின் பெயர். தேர்வுக்கு உதவுபவை அதற்குக் கீழே உள்ள மூன்று குறியீடுகள்.

முதலாவது, பாகுநிலை எண். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 போன்றவை எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் வகுத்த எண்கள். ஒரு நீர்மம் எவ்வளவு எளிதாக அல்லது மந்தமாக ஓடுகிறது என்பதே பாகுநிலை. தண்ணீர் எளிதாக ஓடும்; தேன் மந்தமாக ஓடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதும் வெயில் ஏறியதும் உருகுவதும் எல்லோரும் பார்ப்பதே. எஞ்சின் ஆயிலும் குளிரில் கெட்டியாகும், சூட்டில் இளகும்.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதாக ஓடும் என்று பொருள். 10டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெய் 15 டிகிரியிலும் சோதிக்கப்படுகின்றன. கோட்டுக்குப் பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய பின், அதாவது 100 டிகிரி செல்சியஸில், எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டுகிறது. அந்த வெப்பநிலையில் 30 என்ற எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையும், 40 என்ற எண்ணெயினது 12.5 முதல் 16.3 வரையும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. தரம். 1919 இல் அமைந்த அமெரிக்க பெட்ரோலியக் கழகம் வகுத்தது இது. எஸ் என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு: எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. என வரும். சி என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு: சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 என வரும். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னே செல்லச் செல்லத் தரம் புதியது. 2020 இல் வந்த எஸ்.பி. தரம், 2010 இல் வந்த எஸ்.என். தரத்தைவிட மேலானது. கையேடு கேட்கும் தரமோ அதற்கு மேற்பட்டதோ இருக்கலாம்; கீழ்ப்பட்டது கூடாது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி தயாரான டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி உண்டு. சாம்பல் மிகுந்த சேர்மானங்கள் அதை அடைத்துவிடும் என்பதால், அவற்றுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே ஏற்றது.

மூன்றாவது, ஜாசோ குறியீடு. இது ஜப்பானியத் தரம். இரு சக்கர வண்டிகளுக்கு உரியது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான்; கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே இயங்குகின்றன. உராய்வை மிகவும் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெயை இதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்: எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. எனவே மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்தது; அதற்கு உராய்வு குறைந்த எம்.பி. வகை பொருந்தும். ஸ்கூட்டரின் பின்சக்கரப் பல்சக்கரப் பெட்டிக்குத் தனியாகச் சிறிதளவு கியர் ஆயில் உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

டி.வி.எஸ். 50 போன்ற பழைய மொபெட்டுகள் இரட்டை வீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றில் 2டி எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும். அதனால் மாற்றும் வேலை இல்லை. அந்த எண்ணெயை நால்வீச்சு எஞ்சினில் ஊற்றக் கூடாது.

வெயிலுக்குக் கெட்டி எண்ணெய் தேவையா

"நம்ம ஊர் வெயிலுக்கு 10டபிள்யூ-30 தாங்காது, 20டபிள்யூ-50 போடுங்கள்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நெய்வேலியில் கடுங்குளிர் இல்லாததால் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் 10 ஆனாலும் 20 ஆனாலும் காலையில் வண்டி கிளம்புவதில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பின்னுள்ள எண்ணைக் கூட்டுவது வேறு செய்தி. எஞ்சினுக்குள் உள்ள எண்ணெய் வெளி வெயிலைவிட மிக அதிகமான சூட்டில்தான் எப்போதும் வேலை செய்கிறது. அந்தச் சூட்டைக் கணக்கில் கொண்டே பேரிங் இடைவெளியும் எண்ணெய்ப் பம்பும் வடிவமைக்கப்படுகின்றன. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய் குறுகிய துளைகளுக்குள் மெதுவாகச் செல்லும். எஞ்சின் அதைத் தள்ளவே கூடுதல் பெட்ரோலைச் செலவழிக்கும்.

பல கையேடுகளில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று எண்கள் தரப்பட்டிருக்கும். அவற்றுள் வெயிலுக்கு உரியதைத் தேர்வது சரியான முறை. அந்தப் பட்டியலுக்கு வெளியே செல்வது சரியல்ல. எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றினால் புகை சிறிது குறையலாம்; தேய்ந்த வளையம் அதனால் சரியாகிவிடாது.

மாற்றும் காலத்தைக் கணக்கிடுதல்

கையேடுகள் இரு வரம்புகளைத் தருகின்றன: கிலோமீட்டர், மாதம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பல இரு சக்கர வண்டிகளுக்கு 3,000 முதல் 6,000 கி.மீ. வரையும், பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டும் குறிப்பிடப்படுகின்றன. புதிய வண்டிக்கு முதல் மாற்றம் 500 முதல் 1,000 கி.மீ.க்குள் வரும், புதுப் பாகங்கள் உரசி உதிர்க்கும் உலோகத்துகளை வெளியேற்றுவதற்காக அது.

இதே கையேட்டில், கடினமான சூழலில் ஓடும் வண்டிக்கு முன்னதாகவே மாற்ற வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். அது மலைச்சாலை லாரிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். நெய்வேலியின் அன்றாட ஓட்டமே அந்தக் குறிப்புக்குள் அடங்கும்.

தூசி: மண்தூசியிலும் சாம்பலிலும் உள்ள சிலிக்கா எஃகைக்கூடத் தேய்க்கும். ஏர் ஃபில்டர் அடைபட்டாலோ கிழிந்தாலோ அது சிலிண்டருக்குள் சென்று எண்ணெயில் கலந்து உப்புத்தாள் போல வேலை செய்யும். ஆகவே தூசி மிகுந்த பகுதியில் எண்ணெயோடு ஏர் ஃபில்டரையும் கவனிக்க வேண்டும்.

சிறு பயணம்: எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுமையாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். வீட்டிலிருந்து பள்ளிக்கு, அங்கிருந்து கடைவீதிக்கு என்று இரண்டு கி.மீ. ஓடி நிற்கும் வண்டியில் அது எண்ணெயிலேயே தங்கும். எரியாத பெட்ரோலும் சிறிது சேரும். ஓடாத வண்டியின் எண்ணெயும் இப்படித்தான் கெடுகிறது.

வெயில்: எண்ணெய் சூடாக இருக்கும் நேரம் கூடக்கூட அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தடித்துப் பிசினாகும்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். வரம்பு 3,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று கொள்வோம். நாளொன்றுக்கு 4 கி.மீ. மட்டும் ஓடும் நகரியத்து ஸ்கூட்டர், 300 நாளில் 1,200 கி.மீ. ஓடும். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் இரண்டரை ஆண்டுகள் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று தோன்றும். அது தவறு, இந்த வண்டிக்கு நாள்காட்டியே வரம்பு. கடலூருக்கோ விருத்தாசலத்துக்கோ வேலைக்குப் போய்வந்து நாளொன்றுக்கு 60 கி.மீ. ஓடும் மோட்டார் சைக்கிள், மாதம் 25 நாளில் 1,500 கி.மீ. ஓடும். அதற்கு இரண்டு மாதத்திலேயே வரம்பு வந்துவிடும். "ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ்" என்ற பழக்கம் இரண்டு வண்டிகளுக்குமே பொருந்தாது.

சுரங்க இயந்திரங்களைப் பராமரிப்போர் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. ஓடிய மணிகளைப் பார்க்கின்றனர். நெய்வேலியின் பெரிய வாளிச்சக்கர இயந்திரங்கள் மின்சாரத்தில் இயங்குபவை; அவற்றுக்கு எஞ்சின் ஆயில் கிடையாது, கியர் ஆயிலும் கிரீசும்தான். ஆனால் புல்டோசர் போன்ற டீசல் இயந்திரங்களில் மணிமானி உண்டு. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது இத்தகைய இயந்திரங்களுக்குப் பரவலாகக் கூறப்படும் வரம்பு. எண்ணெய் மாதிரியை ஆய்வகத்தில் சோதிப்பதும் உண்டு: இரும்பு கூடினால் தேய்மானம், சிலிக்கான் கூடினால் தூசி நுழைகிறது என்று அறிவர்.

மணிக்கணக்கு வீட்டு வண்டிக்கும் பயன்படும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 3,000 கி.மீ. கடக்க எஞ்சின் 60 மணி நேரம் ஓடினால் போதும். நெரிசலிலும் நிறுத்தங்களிலும் சராசரி 20 கி.மீ. வேகத்தில் அதே தொலைவைக் கடக்க 150 மணி நேரம் ஓட வேண்டும். மீட்டரில் தெரியும் எண் ஒன்றே. எண்ணெய் உழைத்த நேரம் இரண்டரை மடங்கு. ஊருக்குள் நின்று நின்று ஓடும் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் முன்னதாக எண்ணெய் மாற்றச் சொல்வது இதனால்தான்.

அளவு பார்த்தல்

எண்ணெய் பழையதாக இருப்பதைவிடக் குறைவாக இருப்பது எஞ்சினுக்கு உடனடி ஆபத்து. பல சிறிய இரு சக்கர வண்டிகளில் மொத்த எண்ணெயே ஒரு லிட்டருக்கு உட்பட்டது. அதில் 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மீதமுள்ள எண்ணெய் கூடுதல் சூடாகி இன்னும் விரைவில் கெடும். முற்றிலும் வற்றினால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி வண்டி ஓட்டத்திலேயே நின்றுவிடும். ஒரு லிட்டர் எண்ணெயின் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் பிரித்துப் போர் போட்டுப் பிஸ்டன் மாற்றும் செலவு பல ஆயிரம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளவைப் பார்ப்பது நல்ல பழக்கம். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். எண்ணெய் கீழே இறங்க மூன்று நிமிடமாவது பொறுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். எந்த முறை என்பது கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்குக்குப் பதிலாகக் கண்ணாடிச் சாளரம் இருக்கும். எண்ணெய் இரு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் தீங்குதான்: கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்; சீல்களில் கசிவு ஏற்படும்.

நிறமும் மணமும்

எண்ணெய் கறுத்தாலே கெட்டுவிட்டது என்பது தவறான கருத்து. கரியைத் தன்னுள் வாங்கிக்கொள்வதே எண்ணெயின் வேலை. டீசல் எஞ்சினில் புது எண்ணெய்கூடச் சில நாளில் கறுத்துவிடும். நிறம் மாறாத எண்ணெய் நல்ல எண்ணெய் என்றும் சொல்ல முடியாது. சேர்மானம் தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியாது. கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் மணம் தூக்கலாக இருந்தால் எரிபொருள் இறங்குகிறது. விரலில் தொட்டால் நறநறவென்று இருந்தால் மண்ணோ உலோகத்துகளோ உண்டு. இவற்றுக்கு எண்ணெய் மாற்றுவது மட்டும் போதாது. காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டம் கண்டதைப் போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால், அதை உடனே கிளப்பக் கூடாது. சிலிண்டரில் நீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். முதலில் எண்ணெயை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, புது எண்ணெய் ஊற்றிய பிறகே கிளப்ப வேண்டும். அந்த எண்ணெயையும் சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி மாற்றுவது நல்லது.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

- அடைத்த டப்பாவாக, மூடியின் சீல் உடையாமல் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். உதிரியாக அளந்து ஊற்றும் எண்ணெயின் தரத்தை அறிய வழியில்லை.
- எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வெளிவரும்.
- ஆயில் ஃபில்டர் உள்ள வண்டியில் கையேடு சொல்லும் முறையில் அதையும் மாற்ற வேண்டும். வடிதுளை போல்ட்டின் வாஷரையும் பார்க்க வேண்டும்.
- மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் அடுத்த மாற்றத்தை ஊகிக்க வேண்டியதில்லை.
- காலி டப்பாவை வெட்டியோ துளையிட்டோ போட்டால் போலி எண்ணெய் அடைப்போருக்கு அது பயன்படாது.

பழைய எண்ணெய்

வடித்த எண்ணெயில் உலோகத்துகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எரிதல் கழிவுகளும் இருக்கும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் இது வருகிறது. இதைச் சாக்கடையில் ஊற்றுவதும், கரையானுக்கென்று மரத்தடியில் ஊற்றுவதும், விறகோடு எரிப்பதும் தீங்கு. நெய்வேலியில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர்த்தளம் உள்ளது; சுரங்கம் வெட்டுவதற்காக அந்நீர் தொடர்ந்து இறைக்கப்பட்டு, பாசனம் உள்ளிட்ட தேவைகளுக்கும் பயன்படுகிறது. மண்ணில் ஊற்றும் எண்ணெய் மழைநீரோடு கீழே இறங்கும் தன்மையுடையது. வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் அதைத் தண்ணீர் கலக்காமல் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்க வேண்டும். சேகரித்த எண்ணெயைச் சுத்திகரித்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்க முடியும்.